வழுக்கும் கரை

குட்டையை வெட்டிய நாளிலிருந்தே தையல்காரிக்கு அதைக் கண்டால் ஆகாது. சுற்று வட்டாரமே தண்ணீர் இல்லையே என்று நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவள் ஒருத்தி தண்ணீரைப் பார்த்து நடுங்கினாள்.

அவளுடைய புருஷனை ஊரில் மோட்டார்காரர் என்பார்கள். கடைத்தெருவில் சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஓர் அறையில் உட்கார்ந்து, எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். வாசலில் கால் வைத்தாலே வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும். கிணறுகள் ஒவ்வொன்றாக வறண்டன. ஆழ்துளைக் குழாய்கள் புழுதியைக் கக்கின. "மோட்டார் ஓடுனாத்தானே எரியும்? எரிஞ்சாத்தானே நம்ம வீட்டு உலை கொதிக்கும்?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர், ஒரு வருஷம் சிரிப்பை விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினார். ஊருக்கு வெளியே அப்பா விட்டுப்போன மேட்டு நிலத்துக்கு மனைவியோடு குடிவந்து மாதுளை வைத்தார்.

மழை அடியோடு நின்றுவிடவில்லை. அதன் புத்திதான் கெட்டுவிட்டது. பருவம் முழுக்கத் தூறித் தூறிப் பெய்ததெல்லாம் இப்போது ஒரே நாளில் வந்து கொட்டித் தீர்த்துவிட்டு, மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீரைப் பிடித்து நிறுத்தினால்தான் பிழைப்பு என்று மோட்டார்காரர் சரிவின் பள்ளத்துப் பக்கமாகக் குட்டை வெட்டினார். வெட்டிய மண்ணையே கரையாக உயர்த்தினார். மண் குடித்துவிடக் கூடாதே என்று உள்ளே கறுத்த, தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார். ஷீட் என்றார்கள் அதை. இருந்த நகைநட்டெல்லாம் அந்த ஷீட்டுக்கே போனது. அந்த வருஷத்து ஒற்றை மழையில் குட்டை நிரம்பியபோது, அவர் கரையில் உட்கார்ந்து பிள்ளையைப் பெற்றவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரி பார்த்தது வேறு. நாலு பக்கமும் செங்குத்தாக இறங்கும் கறுப்புச் சுவர். தண்ணீருக்குக் கீழே பாசி படிந்து எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. பிடித்து ஏற ஒரு வேர் இல்லை, ஒரு கல் இல்லை. நடுவில் இரண்டு ஆள் ஆழம்.

ஒரு நாள் காலையில் போனபோது நாய் ஒன்று செத்து மிதந்தது. தாகத்தில் இறங்கியிருக்கிறது. ஷீட்டில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே குட்டையைச் சுற்றிச் சுற்றி நகக்கீறல்கள். நாலு பக்கமும் நீந்திப் போய் ஒவ்வோர் இடமாகப் பிறாண்டிப் பார்த்திருக்கிறது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கயிறாவது கட்டித் தொங்கவிடுங்கள், சுற்றி ஒரு வேலி போடுங்கள் என்று புருஷனிடம் கெஞ்சினாள். முதல் காய்ப்பு முடியட்டும், எல்லாம் செய்துவிடலாம் என்றார். நாய்க்குத் தெரியாது, நமக்குமா தெரியாது என்றும் சொன்னார்.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள்: மோட்டார்காரரின் தங்கை. அவள் புருஷன் சாலையில் தார் ஊற்றும் வேலைக்குப் போனவன். ஒரு கோடை மத்தியானம் சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. வெயிலால் ஒரு மனுஷன் சாவானா என்று கேட்டவர்கள் எல்லாரும், அந்தக் கோடை முடிவதற்குள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

நாத்தனாருக்கும் தையல்காரிக்கும் முதலில் நன்றாகத்தான் ஒட்டியது. சண்டை தண்ணீரில் வந்தது. ஒரு நாள் நாத்தனார் குட்டைத் தண்ணீரை மொண்டுவந்து தலைமுடியை அலசினாள். "தண்ணி கெடக்குற கெடையில தலை முழுகல்லாம் வேணுமா?" என்று தையல்காரி கேட்டுவிட்டாள். "தலையத்தானே முழுகினேன் அண்ணி, உங்களையா தலைமுழுகினேன்?" என்று விளையாட்டாகத்தான் அவள் சொன்னாள். தையல்காரிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "அதையும் பண்ணிடேன்" என்றாள். அன்றோடு பேச்சு அறுந்தது. மோட்டார்காரர் வீட்டில் இருக்கும்போது அவர் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அவர் இல்லாதபோது கதவிடமும் பானையிடமும் பேசினார்கள். அரிசி தீர்ந்துபோன சேதி பானைக்குச் சொல்லப்படும். மற்றவள் அதைக் காதில் வாங்கிக்கொள்வாள்.

அந்த நாளன்று காலையிலேயே காற்று அடுப்பைத் திறந்தது போல வீசியது. தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டாரில் ஏதோ உடைந்துவிட, மாற்றுச் சாமான் வாங்க மோட்டார்காரர் பைக்கில் ஊருக்குப் போயிருந்தார். தையல்காரி ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளறைத் தரையில் துணியை விரித்துப் பெரிய கத்தரியால் சட்டைக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குமேல் காற்று வலுத்தது. குட்டைப் பக்கமிருந்து படபடவென்று சத்தம் வந்தது. ஷீட்டின் விளிம்பு மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இந்தச் சட்டைக் கையை வெட்டி முடித்துவிட்டுப் போய்க் கல் வைக்கலாம் என்று நினைத்தாள். வாசலில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் போகிறாள் போலிருக்கிறது, போகட்டும். இருவரும் சேர்ந்து போயிருந்தால் ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி கல் வைத்திருக்கலாம். ஆனால் கூப்பிட வாய் வேண்டுமே.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி" என்று ஒரு குரல்.

மாதக்கணக்கில் கேட்காத சொல். காற்றுதான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்தாள். கல் தூக்க முடியவில்லையா, வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து சொல்லட்டுமே என்ற வீம்பும் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. மறுபடியும் "அண்ணி" என்றது. இந்த முறை குரல் பாதியில் தண்ணீருக்குள் போய் அறுந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளத்துப் பக்கத்துக் கரையில் ஏறியபோது, ஓர் ஆள் நீளத்துக்குக் கீழே நாத்தனார் தண்ணீரில் கிடந்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஷீட்டில் அறைந்து அறைந்து வைக்கிறாள். வைத்த கை வைத்த வேகத்தில் வழுக்குகிறது. தலை உள்ளே போகிறது, வெளியே வருகிறது. அவள் கத்தவே இல்லை. கத்துவதற்கு மூச்சு மிச்சமில்லை. கண்கள் மட்டும் அண்ணியின்மேல் இருந்தன.

தையல்காரி நாலு திசைக்கும் கூவினாள். யார் வரப்போகிறார்கள்? பக்கத்து நிலங்களை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுச் சனங்கள் பட்டணம் போய்விட்டார்கள். காற்று அவள் குரலை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

தோளில் கிடந்த துணியை உருவிக் கரையில் குப்புறப் படுத்து, அதன் நுனியை இறக்கினாள். நாத்தனார் பிடித்தாள். பிடித்ததும் பாரம் இழுத்தது. வயிற்றுக்கு அடியில் ஷீட் நெருப்பாய்ச் சுட்டது. அதன்மேல் படிந்த மெல்லிய புழுதி மாவு போல வழுக்கியது. தன் உடம்பு தலைகுப்புறக் கீழே நகர்வதை உணர்ந்தாள். இடுப்பு விளிம்பைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு முழம் போனால் இரண்டு பேரும் உள்ளே. சாயங்காலம் வருகிறவர் இரண்டு பேரையும் மிதக்கத்தான் பார்ப்பார். அந்த நினைப்பில் கை தானாகத் துணியை விட்டுவிட்டது. துணி நழுவித் தண்ணீரில் விழுந்தது. நாத்தனார் மறுபடியும் முங்கினாள்.

தன் வலது கையில் கத்தரி இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். வீட்டிலிருந்து ஓடும்போது கீழே வைக்கத் தோன்றவில்லை.

ஓங்கிக் குத்தினாள். தடித்த ஷீட் முதல் குத்துக்கு மசியவில்லை. இரண்டாவதற்கு வாய் பிளந்தது. உள்ளே வெறும் மண். விரலை விட்டுக் கிழித்து, திரும்பி, கால் பெருவிரலை அந்த ஓட்டைக்குள் மண்ணில் ஊன்றினாள். நின்றது. அதற்குக் கீழே இன்னொரு குத்து. அடுத்த கால். முதுகுக்குப் பின்னால் வானம், முகத்துக்கு எதிரே கொதிக்கிற கறுப்பு. தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் விளிம்பிலேயே குத்திக் கீழ்நோக்கி நீளமாகக் கிழித்தாள். மடக் மடக்கென்று தண்ணீர் அதற்குள் இறங்கத் தொடங்கியது. தாகமெடுத்தவன் குடிக்கிற சத்தம்.

நாத்தனார் அதைக் கேட்டாள். இருமலுக்கு நடுவே, தண்ணீரைத் துப்பிக்கொண்டே, "வேணாம் அண்ணி... ஷீட்டைக் கிழிக்காதீங்க... அண்ணன் செத்துருவாரு" என்றாள்.

"வாயை மூடிட்டுக் கையைக் குடு" என்றாள் தையல்காரி.

கை வரவில்லை. கூந்தல்தான் கிடைத்தது. எந்தக் கூந்தலுக்காகப் பேச்சை முறித்துக்கொண்டாளோ, அதையே கொத்தாக மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். நாத்தனாரின் விரல்கள் கிழிசலுக்குள் போய் மண்ணைக் கவ்வின. "காலால தேடு. ஓட்டை இருக்கு. கால விடு உள்ள." ஒரு கால் கிடைத்தது. பிறகு அடுத்தது. ஒருத்தி மேலே ஒரு படி, மற்றவள் கீழே ஒரு படி. விளிம்பைத் தாண்டிக் கரையில் விழுந்ததும் இருவரும் ஒருவரையொருவர் விடவில்லை. நாத்தனார் வாந்தி எடுத்தாள். அந்த வெயிலிலும் அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. தையல்காரிக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் உதறல் மட்டும் வந்து, நிற்கவே மாட்டேன் என்றது.

சத்தம் நிற்கவில்லை. மடக் மடக் என்று குட்டை தனக்குள்ளேயே குடித்துக்கொண்டிருந்தது. ஷீட்டுக்குப் பின்னால் போகிற தண்ணீர் எங்கே போகிறது என்று தையல்காரி கரையின் வெளிப்புறம் எட்டிப் பார்த்தாள். மண் வேர்த்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் அகலமானது. அடிவாரத்தில் சுண்டுவிரல் தடிமனுக்குச் சேற்றுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. வெட்டிப் போட்ட மண், சரியாகத் திமிசு போட்டு இறுக்காத மண். வீட்டுக்குப் போய்த் துணியெல்லாம் கொண்டுவந்து கிழிசலை அடைத்துவிடலாம் என்று எழுந்தவளின் கணுக்காலை நாத்தனார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி இறங்காதீங்க. உங்க கால்ல விழறேன்."

அவர்களுக்கு அடியில் கரை லேசாக உட்கார்ந்தது. அவ்வளவுதான். இரண்டு பேரும் எழுந்து வீட்டு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பின்னால் மூட்டை சரிந்தது போல ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஓர் இரைச்சல். திரும்பிப் பார்த்தபோது கரையில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. ஒரு கோடைக்கு வைத்திருந்த தண்ணீர், செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு, கீழ்வரிசை மாதுளைகளுக்கு நடுவே உருண்டு, வண்டிப் பாதையைக் கடந்து, வறண்ட ஓடைக்குள் போய் விழுந்தது. எவ்வளவு அவசரமாகப் போயிற்று!

அதற்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து காத்திருந்த நேரம்தான் தண்ணீருக்குள் இருந்த நேரத்தைவிடக் கொடுமை என்று நாத்தனார் பின்னாளில் சொன்னாள். அவள் நகங்கள் பிய்ந்து ரத்தம் கசிந்தது. தையல்காரி அவற்றைத் துடைத்து வெட்டுத் துணியால் ஒவ்வொரு விரலாகச் சுற்றினாள். இருவர் காதும் பாதையிலேயே இருந்தது. முன்பு ஒரு கோடையில் பக்கத்து நிலத்துக்காரர் தன் வறண்ட கிணற்றை ஒரு மாலை முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் அவர் உயிரோடில்லை. அந்த நினைப்பு இரண்டு பேருக்கும் வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்தபோது பைக் வந்தது. சக்கரம் முழுக்கச் சேறு. மோட்டார்காரர் இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இங்க மழை பெஞ்சுதா? பாதையெல்லாம் ஈரமா கெடக்கு."

நாத்தனார்தான் எழுந்து நின்றாள்.

"நான் குட்டையில விழுந்துட்டேன்ணே. அண்ணி ஷீட்டைக் கிழிச்சுத்தான் என்னைத் தூக்குனாங்க. கரை போயிடுச்சு."

அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாசல் திண்டின்மேல் வைத்துவிட்டுக் குட்டையைப் பார்த்து நடந்தார். தையல்காரி பின்னாலேயே போனாள். கிட்டே போகவும் பயம், விட்டு நிற்கவும் பயம். அவர் உடைப்பின் ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தார். அடிக்குழியில் மட்டும் சேறு கலந்த தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. கறுப்புச் சுவரில் கிழிசல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. கடைசிக் கிழிசலைச் சுற்றி ரத்த விரல்தடம். அவர் ஓர் அடி முன்னால் வைத்தபோது அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க, வேணாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தார்.

"நாய் செத்தப்பவே சொன்ன. ஒரு கயிறு கட்டச் சொன்ன" என்றார். பிறகு, "அவ போயிருந்தா இந்தத் தண்ணிய நான் எப்படிக் குடிச்சிருப்பேன்?" என்றார். அவர் தோள் குலுங்குவதை அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அவர் பக்கத்தில் அவளும் ஈர மண்ணில் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்த வாரங்கள் வேறு விதமான பயம். எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது என்பது தெரிந்த கதை. எதை விடுவது என்பதுதான் கேள்வி. மேல்வரிசைகளை மோட்டார்காரரே கோடரியால் தறித்தார். பூ விட்டிருந்த மரங்கள். வீட்டுக்குள் தையல்காரி மெஷினை வேகமாக மிதித்தாள், வெட்டுச் சத்தம் காதில் விழாதிருக்க. மிஞ்சிய மரங்களின் கிளையைக் கழித்து, தூரில் சருகும் கந்தலும் போட்டு மூடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும், வேருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும்படி, ஓர் ஓட்டைப் பானையைப் புதைத்தார்கள். நாத்தனார் அடிக்குழியிலிருந்து குடத்தில் மொண்டுவந்து பானைகளை நிரப்பினாள். அவள் உடைப்பு வழியாக உள்ளே போய்த் திரும்பும்வரை அண்ணி வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். பதில் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பதில் வரவில்லை என்றால் குரல் ஏறிவிடும். பானையிடமும் கதவிடமும் பேசியவர்கள் இப்போது ஓயாமல் பேசினார்கள். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மழைக் காலத்துக்கு முன்னால் கரையை மறுபடி எழுப்பினார்கள். இந்த முறை செங்குத்தாக இல்லை. ஆடு இறங்கி ஏறும் சரிவு. சரிவு இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கொள்ளளவு குறைந்தது, குறையட்டும் என்றார் மோட்டார்காரர். மூன்று பேரும் மண்ணைத் திமிசு போட்டு இறுக்கினார்கள். கிழிந்த ஷீட்டைச் சைக்கிள் கடைக்காரர் ரப்பர் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார். பழைய டயர்களைக் கயிற்றால் கோத்து நாலு பக்கமும் குட்டையின் அடிவரை படிகளாகத் தொங்கவிட்டார்கள். சுற்றி முள்வேலி, வாசலுக்கு ஒரு தட்டி.

மழை தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது வழக்கம்போல வெறிபிடித்து வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஊரெல்லாம் மழையைக் கண்டு கும்மாளமிட்டிருக்கும். அந்த வீட்டில் மூவரும் சுவரில் சாய்ந்து, கரை தாங்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். தாங்கியது. ஒரு மூலை அரித்திருந்ததே தவிர உடையவில்லை. குட்டையில் முக்கால்வாசி நின்றது.

சேதி பரவி, அக்கம்பக்கத்தில் குட்டை வெட்டியவர்கள் பார்க்க வந்தார்கள். அவர்கள் குட்டைகளிலும் ஆடு செத்திருந்தது, கன்று செத்திருந்தது. தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல வந்த ஒரு பெண்ணால் வாயைத் திறக்க முடியவில்லை. அவள் டயர் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது ஆளைத் தாங்குமா என்று அவள் புருஷன் கேட்டார்.

"இறங்கிக் காட்டுறேன்" என்றாள் நாத்தனார்.

தையல்காரி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் தட்டியைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். முதல் டயர், இரண்டாவது டயர். தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. அதற்குமேல் தையல்காரியால் பார்க்க முடியவில்லை. மாதுளை வரிசைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்தவர்கள் கயிற்றை எதில் முடிச்சுப் போடுவது, டயருக்கு எங்கே துளை போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து நாத்தனார் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்விகள் ஓய்ந்தன. தண்ணீர் சலசலத்தது. டயர் உரசியது.

"அண்ணி, மேல வந்துட்டேன்" என்றாள் நாத்தனார் அவளுக்குப் பின்னால் நின்று. "திரும்புங்க."